ரப்பர் காது

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி அழைக்கிற ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, இப்போது கரண்ட் பில்லில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. தெருவுக்கு அவர் டெஸ்டர். மற்ற ஆண்கள் பேனா செருகும் சட்டைப் பையில் சிவப்புக் கைப்பிடி போட்ட டெஸ்டரைச் செருகிக்கொண்டு நடக்கும் ஒயர்மேன். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் அது கூடவே வரும். சாவு வீட்டுக்குப் போனால் முதலில் ஃபேன் சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் துக்கம் விசாரிப்பார்.

வேலையில் கெட்டிக்காரர், அதில் பொய் சொல்லக் கூடாது. சுவருக்குள் ஒயர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரத் தெரியாத மனுஷர். அவருக்கு உலகமே இரண்டு வகைதான். டெஸ்டர் நுனி தொட்டால் விளக்கு எரிவது, தொட்டால் எரியாதது. எரியாததை இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

அவர் மனைவியின் வலி எரியாத வகை.

அவளை எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் பெரியவர், அதனால் இவள் சின்னவள். அண்ணன் லாண்ட்ரி வைத்திருக்கிறார். நாலு சட்டைக்கு இஸ்திரி போடுகிற பெட்டிக்கடை இல்லை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் ஆஸ்பத்திரிகளின் போர்வையும் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற இடம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சின்னவளுக்கு அங்கேதான் வேலை. ஒரு நாள் சோப்புத் தண்ணீர் வழிந்திருந்த தரையில், ஈரத்துணிக் கூடையோடு வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் விரிசல். எலும்பு ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது. வலி மட்டும் காலி பண்ண மறுக்கிற குடித்தனக்காரர் மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொண்டு, வருஷம் போகப் போக இடது தொடை, முழங்கால் என்று பக்கத்து அறைகளையும் பிடித்துக்கொண்டது.

எத்தனையோ டாக்டர்கள், எத்தனையோ எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள். எல்லாப் படத்திலும் எல்லாம் நன்றாக இருந்தது. அந்த 'நன்றாக இருந்தது'தான் அவளுக்கு வினையாகப் போயிற்று. "படத்துலயே ஒண்ணும் இல்லையாமே" என்று அண்ணி முதலில் கவலையாகச் சொன்னாள். அப்புறம் சும்மா சொன்னாள். அப்புறம் ஒரு மாதிரியாகச் சொன்னாள். ஒரே வாக்கியம்தான், சொல்கிற வாய் மட்டும் கோணிக்கொண்டே வந்தது.

அண்ணிதான் லாண்ட்ரியில் ஆட்களை மேய்ப்பவள். ஆவி சீறும் பெரிய பிரஸ் மெஷின்கள் முன்னால் பெண்கள் நின்றபடியே வேலை செய்ய வேண்டும். விரிப்பைப் பரப்பி, மூடியை இழுத்து இறக்கி, தூக்கி, மறுபடி பரப்பி, சாயங்காலம் வரைக்கும். ஜன்னல் ஓரமாகத் தலையணை உறை மடிக்கிற மேஜைக்கு மட்டும் ஒரு ஸ்டூல். அண்ணன் தன் தங்கைக்காக வாங்கிப் போட்டது. நாலு கால் மரச் சாமான், பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அதைவிடப் பெரிய சிம்மாசனம் கிடையாது. நிற்கிற அத்தனை பேரின் கண்ணும் அதன் மேல்தான். "எனக்கும்தான் இடுப்பு கழண்டு போகுது. நான் யார்கிட்டப் போய் ஸ்டூல் கேக்குறது?" என்று அண்ணி துணிமூட்டைகளிடம் கேட்பாள். துணிமூட்டைகளுக்குப் பின்னால் சின்னவள் இருப்பாள்.

டெஸ்டர் மனைவியை ஒரு நாளும் பொய்க்காரி என்று சொன்னதில்லை. அந்த மரியாதை தெரிந்தவர். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார், பாத்திரம் கழுவுவார், அவள் படிக்கட்டில் பாதியில் நின்றால் தானும் நின்று சுவரில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியை ஆராய்வதுபோல் பாவனை செய்வார். ஆனால் உள்ளுக்குள்ளே, யாருக்கும் காட்டாத ஒரு மூலையில், 'படத்துலயே ஒண்ணும் இல்லையே' என்பது அவருக்கும் இருந்தது. சின்னவளுக்கு அது தெரியும். கூடவே படுக்கிற மனுஷனின் மூலைகள் தெரியாமல் போகுமா?

வலி வைத்தியப் பிரிவில் ஒரு புது மெஷினைச் சோதனை பண்ணுகிறார்கள் என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினார். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். கண்ணாடி போட்ட நர்ஸ் ஒருத்தி உள்ளங்கையில் அடங்கும் பொட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதிலிருந்து மெல்லிய ஒயர், ஒயர் நுனியில் ஒரு கிளிப். கிளிப்பை இடது காதில், கம்மல் போடும் இடத்தில் இல்லாமல், அதற்கு மேலே உள்குழிவில் மாட்ட வேண்டும். ஊசி கிடையாது, கத்தி கிடையாது, மருந்து கிடையாது.

"வலி இடுப்புல" என்றார் டெஸ்டர். "காதுல மாட்டச் சொல்றீங்க. அடுப்படியில லைட் எரியலைன்னா வாசல்ல காலிங் பெல்லை மாத்துற மாதிரி இருக்கே."

நர்ஸ் கோபப்படவில்லை. "உங்க வீட்டு அடுப்படி லைட்டுக்கு மெயின் ஸ்விட்ச் அடுப்படியிலயா இருக்கு?" என்று கேட்டாள். "மூளையில இருந்து வயிறு வரைக்கும் கீழே ஓடுற ஒரு பெரிய நரம்பு இருக்கு. அதுல ஒரு சின்னக் கிளை மட்டும் காதுல தோலுக்குக் கிட்ட வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது. அங்க லேசா கரண்ட் விட்டா, மூளைக்குள்ள வலி கேக்குற சத்தம் குறையுமான்னு பாக்குறோம். சிலருக்குப் பலன் தெரியுது, சிலருக்குத் தெரியல. அதுக்குத்தான் சோதனை."

"ஷாக் அடிக்குமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"ஒண்ணுமே தெரியாது. தெரியாத அளவுக்குத்தான் விடுவோம்." நர்ஸ் கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்ணு. பாதிப் பேருக்கு நிஜ மெஷின். பாதிப் பேருக்கு வெறும் பொம்மை. லைட் எரியும், கரண்ட் வராது. வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். உங்களுக்கு எதுன்னு எனக்கே தெரியாது. நீங்களும் தெரிஞ்சுக்கப் பாக்கக் கூடாது. தெரிஞ்சுட்டா நம்ம மனசே புகுந்து எல்லாத்தையும் கெடுத்துடும். அப்புறம் உங்களை வச்சு சோதனை பண்ண முடியாது, மெஷினைத் திருப்பி வாங்கிடுவோம்."

சின்னவள் தலையாட்டினாள். டெஸ்டரும் தலையாட்டினார். ஆனால் கரண்ட் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை, தொட்டு மட்டும் பார்க்காதே என்று ஒரு ஒயர்மேனிடம் சொன்னால் அவன் மண்டை என்ன பாடுபடும் என்பதை அந்தக் கண்ணாடிக்காரி யோசித்திருக்க வேண்டும்.

தினமும் காலையில் கிளிப்பின் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, காதில் மாட்டிக்கொண்டு, சின்னவள் ஜன்னல் பக்கம் உட்காருவாள். பொட்டியில் பச்சை லைட் எரியும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள், "என்னம்மா, காதுல ரேடியோவா? எங்களுக்கும் பாட்டு கேக்குற மாதிரி சத்தமா வை" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு காலையில் அவள், விடிகிற வரைக்கும் ஒரே தூக்கமாகத் தூங்கியதைச் சொன்னாள். அப்புறம் படிக்கட்டில் நிற்காமல் ஏறினாள். டெஸ்டர் பழக்கதோஷத்தில் ஸ்விட்ச் பெட்டி முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் கீழே குனிந்து கட்டிலுக்கு அடியில் புகுந்து பெருக்கினாள். யாருக்காவது அது பெரிய விஷயமாகத் தெரியுமா? டெஸ்டர் கதவோரம் நின்று, மனைவியின் பாதங்கள் மட்டும் வெளியே தெரிய, துடைப்பச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வலி மொத்தமாகப் போகவில்லை. "பக்கத்து வீட்டுல சண்டை போடுற மாதிரி இருக்குங்க" என்றாள். "முன்னாடி நம்ம வீட்டுக்குள்ளயே இருந்துச்சு."

சந்தோஷம் வந்தால் சின்னவளுக்குக் கை சும்மா இருக்காது. லாண்ட்ரியில் தானாகவே எழுந்து, "அண்ணி, நான் பிரஸ்ல நிக்கிறேன். ஸ்டூல் வேற யாருக்காச்சும் குடுங்க" என்றாள். அண்ணி இரண்டாம் தடவை சொல்லவிடவில்லை. அடுத்த நாளே தன் சொந்தத் தங்கச்சியைக் கொண்டுவந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். அந்தத் தங்கச்சிக்கு என்ன வியாதி என்று கேட்கக் கூடாது. உட்காருவதில் ஆர்வம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் அண்ணன் வீட்டில்தான் சாப்பிடுவார்கள், அது எப்போதும் உள்ளது. அந்த ஞாயிறு அண்ணனுக்கு நல்ல குஷி. தங்கை நேராக நடந்து வந்து, தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கி வைத்தாள். அவர் டெஸ்டரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்குறது மாப்பிள்ளை. ஆனா நம்ம சின்னவளுக்குக் கரண்ட் குடுத்து எழுப்பி உக்கார வச்சது யாரு? தீப்பெட்டி மாதிரி ஒரு பொட்டி!"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். வாய்விட்டு, பல் தெரிய, முன்பு சிரித்த மாதிரி. டெஸ்டரும் சிரித்தார். ஆனால் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் லாண்ட்ரியில் இருந்த நேரம், அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மேஜையில் பேப்பரை விரித்தார். பொட்டியை எடுத்து வைத்தார். நல்ல மீட்டரை, பெரிய வேலைக்கு மட்டும் எடுப்பதை, உறையிலிருந்து உருவினார். நர்ஸ் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. 'நான் பாத்தா அவளுக்கு எப்படித் தெரியும்?' என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பொட்டியைப் போட்டார். பச்சை லைட் எரிந்தது. கிளிப்பின் இரண்டு பஞ்சிலும் மீட்டரின் இரண்டு கம்பியையும் வைத்தார்.

பூஜ்யம்.

அளவை மாற்றி வைத்தார். பூஜ்யம். பஞ்சை நனைத்து வைத்தார். பொட்டியை அணைத்துப் போட்டார். கம்பியை இடம் மாற்றிப் பிடித்தார். மீட்டரையே சந்தேகப்பட்டுச் சுவரில் இருந்த பிளக்கில் வைத்துப் பார்த்தார். அங்கே ஒழுங்காகக் காட்டியது. மறுபடி கிளிப்பில். பூஜ்யம், பூஜ்யம்.

வருத்தப்பட வேண்டிய இடம் அது. ஆனால் மனுஷனுக்கு வந்தது என்னவோ, தொலைத்த சாவியைச் சட்டைப் பையிலேயே கண்டுபிடித்த மாதிரி ஒரு நிம்மதி. தீப்பெட்டி தன்னைத் தோற்கடிக்கவில்லை. அதில் ஒன்றுமே இல்லை.

அதை அவர் வாய்க்குள் வைத்துக்கொண்டு வாரம் முழுக்கத் திரிந்தார். ஞாயிற்றுக்கிழமை, அதே சாப்பாட்டு மேஜை, அண்ணன் அதே பேச்சை மறுபடி எடுத்தார். "பொட்டி என்ன சொல்லுது மாப்பிள்ளை?"

"என்ன சொல்லும்? அது வெறும் பொட்டி மச்சான்" என்றார் டெஸ்டர். "மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். கரண்ட் வரல. பொம்மை!"

தமாஷாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரிப்பார்கள், சின்னவளும் சேர்ந்து சிரிப்பாள், அப்புறம் வேறு பேச்சு வந்துவிடும் என்று நினைத்தார். அண்ணன் சிரிக்கத்தான் செய்தார். "அடப்பாவமே! நல்லா காதுல பூ சுத்தி அனுப்பிட்டாங்களே!"

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். வைக்கிற சத்தம்கூட வரவில்லை. பல வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வியை இப்போதுதான் சரியான வார்த்தையில் கேட்க முடிந்தவள் மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

"பொம்மைக்குப் போற வலி என்ன வலி?"

பதில் சொல்ல வேண்டிய டெஸ்டர் தட்டைப் பார்த்தார். சின்னவள் காது நுனி வரைக்கும் சிவந்துபோய், பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் இந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அப்புறம் கொஞ்சம் அந்தப் பக்கமாக.

வீட்டுக்கு வந்ததும் பொட்டியை ஒயரோடு சுற்றி, வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து மூடினாள்.

"சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்றார் அவர்.

"தெரியும்."

"எதுல ஆனா என்ன? குணமாயிடுச்சுல்ல? நீ பாட்டுக்கு மாட்டிக்கோ."

"எதுல ஆச்சுன்னு பாத்தே ஆகணும்னு நான் கேட்டேனா? நீங்கதானே பாத்தீங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இனிமே அதைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தா எனக்கே என்னைப் பாத்தா சிரிப்பு வரும். கொண்டு போய்க் குடுத்துடுங்க."

அதற்கப்புறம் நடந்ததை டெஸ்டர் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்ப முடியாது. பார்த்தார். முதலில் அவள் செருப்பை உட்கார்ந்து மாட்டத் தொடங்கினாள். அப்புறம் திரும்புவதற்கு முன்னால் சுவரில் ஒரு கை வைத்தாள். கட்டிலுக்கு அடியில் தூசி சேர்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால் கண் திறந்திருக்கும். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரு முனகல், கிடையாது. "எப்படி இருக்கு?" என்றால், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்." லாண்ட்ரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பிரஸ் முன்னால் நின்றாள். முன்பைவிட அதிகமாகச் சிரித்தாள். "பாத்தீங்களா, மனசுல தெம்பு வந்தா உடம்புல எதுவும் ஒட்டாது" என்று அண்ணி ஊர் முழுக்கச் சொன்னாள். ஊரும் ஆமாம் ஆமாம் என்றது. டெஸ்டரும் அதை நம்பப் பார்த்தார். சுலபமாக நம்பக் கூடியதாக இருந்தது அது. சுவரில் வைக்கிற அந்தக் கையை மட்டும் பார்க்காமல் இருந்தால் போதும்.

மெஷின் எங்கே என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். கடைசியில் ஒரு நாள் அவர் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நர்ஸிடம் ஒளிக்கவில்லை. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, கண்டுபிடித்தவர் அல்லவா?

"பொம்மையை எங்க தலையில கட்டிட்டீங்களே மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்க தொழில்ல இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. மீட்டர் வச்சுப் பாத்துட்டேன்."

நர்ஸின் முகம் மாறியது. "பாக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியை உள்ளே இருந்த டெக்னீஷியனிடம் அனுப்பினாள். திருப்பி வருகிற மெஷின் பழுதா என்று பார்ப்பது அவன் வேலை. அது தன் கண் முன்னால் நடக்க வேண்டிய விஷயமில்லை என்பது டெஸ்டருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். ஆனால் எங்கேயாவது ஒரு பேனல் திறந்திருந்தால் எட்டிப் பார்க்காமல் அவரால் தாண்டிப் போக முடியாது. கதவு திறந்திருந்தது. பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றார்.

மேஜை மேல் ஒரு காது இருந்தது. ரப்பர் காது. மனுஷக் காதின் அளவு, மனுஷத் தோலின் நிறம், ஒரு மரக்கட்டையில் திருகு போட்டு நிறுத்தியிருந்தார்கள். பின்பக்கமாக இரண்டு ஒயர் ஓடி ஒரு திரையில் போய்ச் சேர்ந்தது. டெக்னீஷியன் ஏதோ பசையைத் தடவி, கிளிப்பை அந்த உள்குழிவில் மாட்டி, பொட்டியைப் போட்டான். பச்சை லைட் எரிந்தது.

திரையில் கோடு ஒரு நிமிஷம் சும்மா படுத்திருந்தது. அப்புறம் எழுந்தது. ஒரே சீராக, ஒன்றன் பின் ஒன்றாக, சின்னச் சின்ன மேடுகளாக ஓடத் தொடங்கியது.

அது என்ன என்று டெஸ்டருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க அதைத்தான் தேடிக்கொண்டு சுவர் சுவராகத் தட்டியவர்.

"அது..." என்றார். "அதுல கரண்ட் வருதே."

டெக்னீஷியன் திடுக்கிட்டுத் திரையைத் திருப்பினான். "சார், இங்கெல்லாம் வரக் கூடாது."

"நான் பாத்தப்போ வரலையே! மீட்டர்ல பூஜ்யம்! ரெண்டு பஞ்சிலயும் கம்பியை வச்சு..."

"காதுல மாட்டிப் பாத்தீங்களா?"

டெஸ்டர் ரப்பர் காதைப் பார்த்தார்.

அவன் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ, சலிப்போடு சொன்னான். "தோல் ஒட்டியிருக்கான்னு அது முதல்ல பாக்கும் சார். ஒட்டலைன்னா விடாது. கிளிப் நழுவினா யாருக்கும் ஒண்ணும் ஆயிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான். இந்த ரப்பர் தோல் மாதிரியே கரண்ட் கடத்தும், அதனால இதைக் காதுன்னு நம்புது. உங்க மீட்டர் கம்பியைக் காதுன்னு அது எப்படி நம்பும்?"

அவர் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இத்தனை நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதை எடுத்துத் தன் காதில் மாட்டிப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நர்ஸிடம் திரும்பி வந்து கெஞ்சினார். அவருடைய குரலில் அப்படி ஒரு கெஞ்சல் இருப்பதை அவரே அன்றுதான் கேட்டார். நான்தான் தப்பு பண்ணினேன், அவள் ஒன்றும் பண்ணவில்லை, மறுபடி கொடுங்கள், இனிமேல் தொடவே மாட்டேன். நர்ஸ் நல்லவள்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, முடியாது என்றாள். தெரிந்துவிட்டவரை வைத்துச் சோதனை பண்ண முடியாது. கடையில் கிடைக்குமா? இன்னும் வரவில்லை. எப்போது வரும்? அது யாருக்கும் தெரியாது. வந்தால்கூட அவளுக்குப் பழையபடி பலன் கொடுக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் சின்னவள் அடுப்படியில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வலது கால் மேல் மட்டும் நின்று சீவினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ரப்பர் காதைச் சொன்னார், திரையைச் சொன்னார். தான் கெஞ்சியதையும் சொன்னார்.

அவள் கையிலிருந்த கிழங்கை முழுக்கச் சீவி முடித்தாள்.

"அப்போ எனக்கு நிஜமாவே வலி இருந்துச்சு" என்றாள்.

"ஆமா."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு." அடுத்த கிழங்கை எடுத்தாள். எடுத்ததைத் திரும்ப வைத்தாள். "மெஷின் போகட்டும். எனக்கு நிக்க முடியலைங்க. அந்த ஸ்டூலையாச்சும் கேட்டு வாங்கிக் குடுங்க. என்னால கேக்க முடியாது. நான் எந்த வாயால கேக்குறது? நீங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க."

இத்தனை மாசத்தில் அவள் முனகிய முதல் முனகல் அது.

தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் டெஸ்டர் விடிய விடிய வேறு கணக்குப் போட்டார். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியதை நாலு பேர் முன்னால்தான் துடைக்க வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? ஆகவே மறுநாள், லாண்ட்ரி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனார்.

உள்ளே ஆவியும் சோப்பு வாசனையுமாகப் புழுங்கியது. சின்னவள் மூன்றாவது மெஷினில் முதுகைக் காட்டி நின்றாள். அண்ணன் வாசல் மேஜையில், அண்ணி நடுவில் நின்று யாரையோ விரட்டிக்கொண்டு. ஜன்னலோரம், ஸ்டூலில், அண்ணியின் தங்கச்சி.

"மச்சான்" என்றார் டெஸ்டர், எல்லோருக்கும் கேட்கும்படி. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அது பொம்மை இல்ல. நிஜ மெஷின். கரண்ட் வந்துச்சு. இவளுக்கு வலி நிஜம். இப்பவும் வலிக்குது."

மெஷின்களின் சீறல் ஒவ்வொன்றாக நின்றது. இந்த மாதிரி விஷயத்துக்கு வேலையை நிறுத்த யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை.

அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். "அன்னைக்கு மீட்டர் வச்சுப் பாத்தேன்னீங்களே மாப்பிள்ளை."

"பாத்தேன். அது காதுல மாட்டினாத்தான் வேலை செய்யும்."

"அப்போ இன்னைக்கு எதுல மாட்டிப் பாத்தீங்க?"

"ரப்பர் காதுல."

அப்புறம் பின்வரிசையில் யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். அது போதுமானதாக இருந்தது. வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. அண்ணன்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி" என்றாள் அண்ணி, மெதுவாகக் கிட்டே வந்து. "அன்னைக்கு வரலைன்னீங்க, இன்னைக்கு வருதுங்கறீங்க. நடுவுல ஃபியூஸ் கட்டினீங்களா?"

"அக்கா, நான் என் கண்ணால பாத்தேன்."

"அன்னைக்கும் உங்க கண்ணாலதானே பாத்தீங்க?" அவள் சிரித்துக்கொண்டேதான் பேசினாள், ஆனால் சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிட்டது. "வீட்டுல ராத்திரி பாடம் நல்லா நடந்திருக்கு. பொண்டாட்டி சொல்லிக் குடுத்ததைப் புருஷன் ஒப்பிக்கிறது ஒண்ணும் தப்பு இல்ல தம்பி. ஸ்டூல்தானே வேணும்? அதை நேரா கேக்க வேண்டியதுதானே. ரப்பர் காது, மரமூக்குன்னு எதுக்குக் கதை?"

அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னார், அத்தனை பேரும் நம்பினார்கள். சாட்சி கேட்கவில்லை, மீட்டரைக் கொண்டுவந்து காட்டு என்று சொல்லவில்லை. இன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தர் காதிலும் ஏறாது என்று டெஸ்டருக்குப் புரிந்தது. வாயைத் திறந்தார், சொல்வதற்கு உண்மை ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்லி முடித்தாயிற்று.

"ஏன் இப்படி நம்ம எல்லாரும் பேசணும்?" அண்ணி மூன்றாவது மெஷின் பக்கம் திரும்பினாள். "வலி யாருதோ அவளே சொல்லட்டும். சின்னவளே! உனக்கு இப்போ வலிக்குதா? நின்னு வேலை செய்ய முடியலையா? சொல்லும்மா, சொன்னா இப்பவே ஸ்டூலைப் போடச் சொல்றேன்."

சின்னவள் திரும்பினாள். அத்தனை முகமும் அவளைப் பார்த்தன, பாதி முகத்தில் சிரிப்பு இன்னும் காயவில்லை. ஜன்னலோரத்துத் தங்கச்சி ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கிற மாதிரி ஒரு அசைவு மட்டும் காட்டிவிட்டு அப்படியே இருந்தாள். டெஸ்டர் மனைவியின் கண்ணையே பார்த்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தலையைக்கூட லேசாக அசைத்தார்.

"இல்ல அண்ணி" என்றாள் சின்னவள். சிரித்தாள். "எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். இவருதான் எதையோ பாத்துட்டு வந்து உளர்றாரு."

"கேட்டீங்களா தம்பி?"

அண்ணன் எழுந்து வந்து டெஸ்டரின் தோளில் கை போட்டார். "போங்க மாப்பிள்ளை, வெயில்ல வந்திருக்கீங்க. போய் ரெஸ்ட் எடுங்க." அந்தக் குரலில் அன்புகூட இருந்தது. கிறுக்குப் பிடித்த உறவுக்காரரை வாசல் வரை கொண்டுவிடும் அன்பு.

மெஷின்கள் மறுபடி சீறத் தொடங்கின. டெஸ்டர் வாசலுக்குப் போகாமல் நேராக மூன்றாவது மெஷினுக்கு நடந்தார். அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை. விரிப்பைப் பரப்பினாள், மூடியின் கைப்பிடியைப் பிடித்தாள், அதை இறக்குவதற்கு முன்னால் ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. மூடி இறங்கியது.

"ஏன் இப்படிச் சொன்னே?" என்று அவர் ஆவிச் சத்தத்துக்குள் கேட்டார்.

"தனியா சொல்லச் சொன்னேன்ல."

மூடியைத் தூக்கினாள். வெள்ளை விரிப்பு புகைந்தபடி கிடந்தது. அதன் ஒரு முனையை எடுத்தாள். மறுமுனையை எடுக்க அவர் கையை நீட்டினார்.

"விடுங்க" என்றாள். "சூடு. எல்லாரும் பாக்குறாங்க. போங்க."

அவர் போகவில்லை. அவள் விரிப்பைத் தனியாகவே மடித்தாள். மடித்து அடுக்கிவிட்டு, கூடையிலிருந்து அடுத்ததை எடுக்கக் குனிந்தாள். பாதியில் நின்றாள். அந்தப் பாதிக் குனிவில், முகத்தைக் கூடைக்குள் ஒளித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பின்னால் நின்றவர்களுக்கு அவள் நல்ல துணியாகப் பார்த்துப் பொறுக்குவது மாதிரிதான் தெரிந்திருக்கும்.